படத்துக்குள் வடக்கு எது?

ஏப்ரல் 21, ஞாயிறு

எங்கள் மஞ்சள் மண்டிக்கு வருடா வருடம் டைரிகள் வந்து குவியும். கணக்குப்பிள்ளை, டிரைவர், பேங்க் மேனேஜர், அவருடைய மச்சான் என்று எல்லோருக்கும் கொடுத்து முடித்து, மிஞ்சிய ஒன்று ஏப்ரல் மாதம் என் கைக்கு வந்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் தலையில் ராகுகாலம், எமகண்டம், குளிகை. அதற்கெல்லாம் போக மனுஷர் எழுதக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் எழுதுகிறேன்.

இன்று ஹாலில் படம் மாட்டினோம். மாட்டினோம் என்றால், எலக்ட்ரீசியன் துளை போட்டார், தாரிணி தூக்கிக் கொடுத்தாள், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர், இவர், சோபாவில் சாய்ந்துகொண்டு, "எடது பக்கம் ஒசத்து, இன்னுங் கொஞ்சம் ஒசத்து" என்று மாட்டினார்.

படம் என் மகள் தாரிணி வரைந்தது. கோயமுத்தூரில் கட்டடக்கலை படித்து முடித்துவிட்டு ஈரோட்டுக்குத் திரும்பி வந்து வீட்டில் இருக்கிறாள். படத்தில் ஒரு பிரம்மாண்டமான வீடு. வளைவு வளைவாக முகப்பு, மேலே நீளமான பால்கனி, வரிசையாகச் சாத்திய ஜன்னல்கள். நடுவில் யானை நுழைகிற மாதிரி ஒரு கதவு, அது மட்டும் திறந்திருக்கிறது. அந்த வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். கட்டைவிரல் உயரம்கூட இல்லை. ஒரு கையை நிலையில் ஊன்றி, ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்து, பாரத்தை மற்ற காலில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறாள். முகம் இரண்டு தீற்றல்தான். மூட்டு வலி உள்ளவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், இதில் விசேஷம் ஒன்றும் இல்லை.

"ஊடு நல்லா எடுப்பா இருக்குது" என்றார் இவர். பெரிய வீடு எதுவானாலும் இவருக்குப் பிடிக்கும். நாங்கள் குடியிருக்கிற வீட்டையும் அந்த ஆசையில்தான் கட்டினார். மூன்று பேருக்கு ஆறு பாத்ரூம். கழுவப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தாரிணிக்கு அகமதாபாத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்றும் படிப்பு. ஜூலையில் போய்ச் சேர வேண்டும். இவருக்கு ஆடி பிறப்பதற்குள் அவளுக்கு மாப்பிள்ளை நிச்சயம் ஆகிவிட வேண்டும்.

"பழைய கட்டடத்தப் பாக்கறதுக்கு அகமதாபாத் எதுக்கு கண்ணு? நம்ம பழைய குடோன் இப்பவோ அப்பவோன்னு நிக்குது, போய்க் காப்பாத்து" என்று சொல்லிவிட்டு, வேறு யாரும் சிரிக்காததால் அவரே சிரித்துக்கொண்டார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கோபியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி. கேசரியில் முந்திரி போதவில்லை என்று என் பெரிய நாத்தனார் அடுப்படியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இவருக்கு அக்கா. நான் நங்கையா என்று கூப்பிடுவேன். இந்த வீட்டில் எது நடந்தாலும் முந்திரி எண்ணுவது அவர்தான்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண்ணைப் பார்ப்பதைவிடப் படத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

"ஏனுங்க, ஊடு இத்தனை பெருசா இருக்குது, ஒத்தப் பொம்பள மட்டும் நிக்கறா. ஆம்பளைக எல்லாம் எங்கீங்க?"

"உள்ள தூங்குவாங்க" என்றாள் தாரிணி.

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நான் பூஜையறையைச் சுற்றிக் காட்டினேன். நல்ல மனுஷி. பேச்சுவாக்கில், பெண்ணுக்கு அகமதாபாத்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, அவள் மனசு அங்கேதான் இருக்கிறது என்பது என் வாயிலிருந்து வந்துவிட்டது. இரண்டு பெண்கள் பேசினால் நாலும் வரும்.

மே 1, புதன்

கோபிக்காரர்கள் சரிப்படாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

மே 5, ஞாயிறு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. மொட்டை மாடியில் வடகம் பிழிந்தேன். ஏறி இறங்கியதில் முட்டி வீங்கிவிட்டது. காக்கையை விரட்ட ஆள் வேண்டுமே என்று இவரைக் கூப்பிட்டால், குடை பிடித்துக்கொண்டு வந்து, காக்கை வரவில்லை என்று உறுதி செய்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். காக்கை அதற்குப் பிறகு வந்தது.

நங்கையா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஹாலுக்குள் நுழைந்தவர் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"சாந்தா, அந்தப் பொம்பள காலைப் பாத்தியா? ஒரு காலு வெளிய இருக்குது. ஊட்டு லச்சுமி வெளிய போறா. இதை நடு ஊட்டுல மாட்டிவெச்சுப்போட்டு மாப்பள வரல, மாப்பள வரலைன்னா?"

"உள்ள வர்ற மாதிரியும் இருக்கலாமுங்களே" என்றேன்.

"உள்ள வர்றவ மூஞ்சி எதுக்கு நம்மளப் பாக்குது?"

நங்கையாவுக்கு ஒரு வாஸ்துக்காரரைத் தெரியுமாம். அவர் சொல்லி, பெருந்துறையில் ஒருத்தர் கிணற்றையே மூடினாராம். மூடியபிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். இப்போது லாரியில் தண்ணீர் வாங்குகிறார்களாம்.

மே 9, வியாழன்

வாஸ்துத் திலகம் கார்மேகம் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பித்தளைத் திசைகாட்டி, சட்டைப்பையில் இன்னொன்று. முதலாவது பொய் சொன்னால் இரண்டாவதைக் கேட்பார் போல.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குற்றம் இல்லை. அதையும் கட்டும்போது அவருடைய சித்தப்பாதான் பார்த்துக் கொடுத்தாராம், பிறகு எப்படிக் குற்றம் இருக்கும்? நேராகப் படத்துக்கு முன்னால் வந்து, திசைகாட்டியை அதன் மேல் வைத்தார். முள் ஆடியது. துளை போட்டு முடுக்கிய இரும்பு ஆணி அங்கேதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல.

"படத்துக்குள்ள வடக்கு எதுங்க?" என்று அவர் கேட்டபோது இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்படியைப் பார்த்தேன்.

கார்மேகம் அசரவில்லை. நிழலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமாம். படத்தில் தூண்களின் நிழல் இடது பக்கம் விழுகிறது, ஆகவே சூரியன் வலது பக்கம். அது காலைச் சூரியன் என்றால் வலது பக்கம் கிழக்கு, வீடு தெற்குப் பார்த்த வீடு, வாசல் யமனுடைய திசை. சாயங்காலச் சூரியன் என்றால் வலது பக்கம் மேற்கு, வீடு வடக்குப் பார்த்த வீடு, குபேரனுடைய திசை. எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது.

"பாப்பா, நீங்க வரைஞ்சது காலையா, சாயங்காலமா?"

தாரிணி நகத்தைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரி. பக்கத்துல ஒரு லைட் எரியுது" என்றாள்.

"சாயங்காலம்னு சொல்லு கண்ணு" என்று இவர் கெஞ்சினார். மஞ்சள் விலை இறங்கினபோதுகூட இந்த மனிதர் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"சரிப்பா. சாயங்காலம்."

இவர் மூச்சு விட்டார். குபேரன் வந்துவிட்டார். ஆனால் கார்மேகம் தலையை ஆட்டினார். சாயங்காலம் என்றால் விளக்கு வைக்கிற நேரம். விளக்கு வைக்கிற நேரத்தில் மகாலட்சுமி உள்ளே வருவாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வெளியே காலை வைத்தால்? வெளியே காலை வைப்பது யார்? வீட்டில் இருக்கிற கன்னிப்பெண். அதனால்தான் வரன் வாசலோடு திரும்புகிறது.

"அந்தம்மா கன்னிப்பொண்ணு மாதிரி தெரியலீங்களே" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"வயசு முக்கியமில்லீங்கம்மா, நிக்கற எடந்தான் முக்கியம்" என்றார் கார்மேகம். அதை மட்டும் அந்த மனிதர் சரியாகச் சொன்னார்.

பரிகாரம் உடனே கிடைத்தது. வாசலின் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, படிக்குப் பக்கத்தில் நிறைகுடம். வரைந்துவிட வேண்டும். காபியில் சர்க்கரை கூடப் போடச் சொல்லிக் குடித்துவிட்டுப் போனார்.

மே 11, சனி

அப்பாவும் பெண்ணும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அவள் படத்தைத் திருத்தித் தர வேண்டியது, இவர் அகமதாபாத்தைப் பற்றி யோசிக்க வேண்டியது. யோசிப்பது என்றால் என்ன என்பதை ஒப்பந்தத்தில் விளக்கவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமா என்று நான் கேட்டதையும் இவர் பல வருடமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

தாரிணி மத்தியானமே விளக்கும் குடமும் வரைந்து முடித்தாள். குடத்தின் மேல் தேங்காய் எங்கே என்று நங்கையா போனில் கேட்டார். தேங்காயும் வைத்தாயிற்று. வெற்றிலையும் வைத்தாயிற்று. இப்போது அந்த மாளிகை கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. அந்தப் பெண் மட்டும் அதே மாதிரி நிற்கிறாள். பந்தி முடிந்ததா என்று பார்க்க வந்தவள் மாதிரி.

மே 19, ஞாயிறு

தாராபுரத்திலிருந்து வந்தார்கள். முந்திரி போதுமான அளவு போட்டிருந்தேன். படத்தைப் பார்த்து, மங்களகரமாக இருக்கிறது என்றார்கள். இவர் அந்தக் குடத்தை அவரே சுமந்து வந்து வைத்த மாதிரி பூரித்துப் போனார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மாடித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேன். ரோஜாவுக்கு என்ன உரம் போடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். பேச்சுவாக்கில் மற்றதும் வந்துவிட்டது.

மே 22, புதன்

தாராபுரமும் இல்லை.

கார்மேகத்துக்குப் போன் போட்டார் இவர், ஸ்பீக்கரில். விளக்கும் குடமும் வைத்தும் பலிக்கவில்லை என்றால் மூலக் குற்றம் பெண்ணிடம் இருக்கிறதாம். படத்திலிருக்கிற பெண்ணிடம். அவளை உள்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். முகம் வீட்டுக்குள், முதுகு தெருவுக்கு, இரண்டு காலும் வாசற்படிக்கு உள்ளே. ஒரே அடியில் சரியாகிவிடும்.

"ஒத்தக் காலை வெளிய வெச்சுக்கிட்டு நிக்கறவளைக் கூப்பிட்டு உள்ள உடறமுங்க, அவ்வளவுதான்" என்றார்.

நான் சாம்பாரைத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு தீய்ந்துவிட்டது.

மே 24, வெள்ளி

திருப்பிவிட்டாள். காலையில் ஆரம்பித்து, நான் பூண்டு உரித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. முகத்தின் மேல் கறுப்பை இழுத்துக் கொண்டை போட்டாள். வெளியே இருந்த காலைத் தரையின் வர்ணத்தால் மூடினாள். நிலையில் ஊன்றிய கை மட்டும் இருக்கிறது. ஒரு பாட்டையும் முனகிக்கொண்டே வரைந்தாள்.

எனக்கு இன்று தலைவலி. வெயில்.

ராத்திரி எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்றேன். "ஏன்?" என்று இவர் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டார். உனக்கு வேண்டாம் என்றால் எனக்கு இன்னும் இரண்டு தோசை ஊற்று என்றார்.

மே 25, சனி

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன்.

"எப்படி கண்ணு உனக்கு மனசு வந்துது? ஒரு காலையில அவளைத் திருப்பிப்போட்டியே."

"ஆரை?"

"அந்தப் பொம்பளையை."

தாரிணிக்கு உண்மையாகவே புரியவில்லை. "ம்மா, அது ஆருமே இல்ல. கட்டடம் எத்தனை பெருசுன்னு எப்படித் தெரியும்? பக்கத்துல ஒரு ஆளு நின்னாத்தான் தெரியும். காலேஜ்ல எல்லாப் படத்துலயும் வெப்போம். படத்தை முடிச்சுப்போட்டு, கடைசியா ஒரு மரம், ஒரு காரு, ஒரு ஆளு. அளவுக்கு."

"மரத்துக்கும் காருக்கும் பொறகுதான் ஆளா?"

"எடம் இருக்கறதைப் பொறுத்து."

"அப்ப முந்தானையை எதுக்கு இடுப்புல செருகுன?"

கொஞ்சம் யோசித்தாள். "பொம்பளைன்னா அப்படித்தானம்மா நிப்பாங்க?"

எத்தனை பொம்பளைகளை நிற்கப் பார்த்திருக்கிறாள், பாவம்.

நங்கையா அவளை மகாலட்சுமி என்றார். கார்மேகம் கன்னிப்பெண் என்றார். கோபிக்காரர் ஆம்பளை இல்லாத வீட்டுப் பொம்பளை என்றார். இவர்களையெல்லாம் பார்த்து ஒரு மாதமாக மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்தவளும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. ஹாலைக் கூட்டும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, என் மகள் என்னைப் பார்த்திருக்கிறாள், என் காலை, என் கையை, நான் எங்கே நிற்கிறேன் என்பதைப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். கடைசியில் அளவுக்கு நிற்க வைத்த ஆள். வலித்தது. நன்றாகவே வலித்தது.

மே 26, ஞாயிறு

கீரைக் கடைசல், முருங்கைக்காய்ப் பொரியல், ரசம்.

ஜூன் 9, ஞாயிறு

காங்கேயத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரிசி ஆலை. அம்மாக்காரி நல்ல உயரம், நல்ல குரல், சோபாவில் உட்கார்ந்த விதத்திலேயே சோபா அவருடையதாகிவிட்டது.

பூஜையறை, மாடித் தோட்டம் இரண்டையும் காட்டினேன். பேச்சுவாக்கில் அகமதாபாத்தும் வந்தது. அந்தம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அகமதாபாத்தா? போகட்டுமே. கல்யாணம் முடிஞ்சதும் பையனோட போய் நாலு எடம் சுத்திப் பாத்துப்போட்டு வரட்டும். சேலை அங்க மலிவு."

சொன்னதோடு விடவில்லை. கீழே வந்து ஹாலில் எல்லோர் முன்னாலும், "பொண்ணுக்கு அகமதாபாத்துன்னா ரொம்ப ஆசைன்னு சம்பந்தியம்மா சொன்னாங்க, கூட்டிட்டுப் போனாப் போச்சு" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபிக்கும் தாராபுரத்துக்கும் என்ன ஆயிற்று என்பது இவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அல்லது உறைக்கவே இல்லையோ என்னவோ. அவர்கள் போனதும் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார்.

ஜூன் 12, புதன்

காங்கேயம் சம்மதம் என்று சொல்லிவிட்டது. இருபத்து மூன்றாம் தேதி நம் வீட்டிலேயே நிச்சயம், தட்டு மாற்றுவது. கார்மேகம் வந்து படத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இனிமேல் அது அவருடைய சாதனைகளில் சேரும்.

தாரிணி பின்கட்டில் குழாயடியில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா யோசிச்சாரான்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். யோசிச்சுப் பாத்தாராம், வேண்டாமாம்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? விடும்மா. வரலைன்னு மெயில் போட்டுடறேன். நிச்சயம் முடியட்டும், பொறகு போட்டுக்கறேன்."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். தூரிகைகளைத் துடைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பரணில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். இருபத்து நான்கு வயதில் ஒருத்தி "விடும்மா" என்று சொல்வதைப் பெற்றவள் கேட்கக் கூடாது. அந்த வார்த்தை எனக்கு நன்றாகப் பழக்கம். நான் அதைச் சொல்ல ஆரம்பித்தது அவளைவிட இரண்டு வயது சின்னவளாக இருக்கும்போது.

பரணில் வைக்கவில்லை. மேஜையிலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹாலில் ஜமக்காளம் விரித்து, காங்கேயத்தார் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நடுவில் தட்டுகள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம், பூ, உப்பு, சர்க்கரை. பெற்றவர்கள் இரண்டு பக்கமும் ஜோடியாக எழுந்து நின்று, தட்டைப் பிடித்துக் கொடுத்து வாங்க வேண்டும். தாரிணி மெரூன் பட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மெரூன் பிடிக்காது.

"எந்திரிங்க, நல்ல நேரம் போகுது" என்றார் நங்கையா. இவர் எழுந்தார். காங்கேயத்தம்மாவும் அவருடைய வீட்டுக்காரரும் எழுந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"சாந்தா, எந்திரி" என்றார் இவர்.

"முட்டி வலிக்குதுங்க."

இது சம்பந்திகள் கூடிய சபை. முட்டி வலிக்கு அங்கே பரிகாரம் இல்லாமல் போகுமா? ஒருத்தர் நாற்காலி கொண்டுவந்தார். ஒருத்தர் கை கொடுத்தார். யாரோ தைலம் தேடிப் போனார்கள். காங்கேயத்தம்மா பெரிய மனசோடு, "உக்காந்துட்டே மாத்தலாமுங்க, ஒண்ணும் தப்பில்ல, நானும் உக்காந்துக்கறேன்" என்று சொல்லி எனக்கு எதிரில் உட்கார்ந்து தட்டை நீட்டினார். அவ்வளவு சௌகரியம் செய்து கொடுத்துவிட்டார்கள். கையை நீட்டுவது ஒன்றுதான் பாக்கி.

கை மடியில்தான் இருந்தது. நீட்டவில்லை.

"வலி இல்லீங்க" என்றேன். "மாத்தறதுக்கு எனக்கு மனசில்ல. எம்பொண்ணு படிக்கப் போறா. உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. படிச்சு முடிச்சுப்போட்டு அவளாச் சரின்னு சொன்னா, அப்ப தட்டை நானே எடுத்துட்டு உங்கூட்டுக்கு வர்றேன்."

இவர் கையில் தட்டோடு நின்றார். தேங்காய் உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. தாரிணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

காங்கேயத்தம்மா தட்டைக் கீழே வைத்தார். "பொண்ணப் பெத்தவ சொல்றப்ப நாம உக்காந்திருக்கறது மருவாதி இல்ல, வாங்க" என்று எழுந்துவிட்டார். கத்தவில்லை. அந்தம்மா மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அவர்களில் பாதிப் பேர் பின்பக்கமாகப் போய்ப் பந்தியில் சாப்பிட்டுவிட்டே கிளம்பினார்கள். கோபம் வேறு, பசி வேறு.

ஜூன் 24, திங்கள்

நேற்றுச் சமைத்த சாம்பார் இன்னும் இரண்டு அண்டா இருக்கிறது. தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட எல்லோரும் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பாத்திரத்தையும் மறக்காமல் நீட்டினார்கள்.

இவர் என்னோடு பேசவில்லை. கார்மேகத்தோடு பேசினார். பெண்ணை உள்ளே திருப்பினது சரிதானாம், ஆனால் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டார்களாம். கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்று அவர் சொல்ல மறந்துவிட்டாராம்.

"படத்தைக் கழட்டிப்போடு. எல்லாம் இந்தப் படத்துனால வந்த வெனை" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அதுவரை பொறுத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஆயுசுக்கும் ஒரே ஒரு காரியம் சபையில் துணிந்து செய்திருக்கிறேன். அந்தப் பெயரும் படத்துக்கா போக வேண்டும்?

"படம் ஒண்ணும் பண்ணலீங்க. நாந்தான் பண்ணுனேன். கோபியும் தாராபுரமும் நாந்தான்."

இவர் என்னைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். படத்தைக் கழற்ற ஸ்டூல் பிடிக்க ஆள் இல்லாததால் அது அங்கேயே இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

இவர் எட்டு நாளாக ஓட்டலில் சாப்பிடுகிறார். இன்று வயிறு சரியில்லை என்று மோர் கேட்டார். கொடுத்தேன். பெருங்காயம் போட்டுத்தான் கொடுத்தேன். அதற்கு மேல் பேச்சு இல்லை.

தாரிணி பெட்டி அடுக்குகிறாள். அவளுடைய அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சபையில் போன மானம் திரும்பி வராது என்றபிறகு, பெண்ணையும் பிடித்து வைத்து என்ன செய்வது என்று நினைத்திருப்பார். தூரிகைகளைப் பெட்டிக்குள் நானே வைத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

தாரிணியை ரயில் ஏற்றினோம். இவர் வரமாட்டார் என்று ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தேன். ஆட்டோ வந்தபோது காரை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். பிளாட்பாரத்தில் எங்களோடு நிற்காமல், பத்தடி தள்ளி, வேறு யாரையோ வழியனுப்ப வந்தவர் மாதிரி நின்றார். வண்டி நகரும்போது ஜன்னலுக்கு ஓடி வந்து தண்ணீர் பாட்டிலைத் திணித்து, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார்.

தாரிணி என் கையைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தாள். "ம்மா, முட்டிக்கு டாக்டரைப் பாரு" என்றாள். நான் ஓட முடியாததால் கையை விட்டுவிட்டேன். அழுதேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 9, செவ்வாய்

சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். இவர் ஹாலில் தனியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பார்க்க டி.வி.யும் ஓடவில்லை, அதட்ட ஆளும் இல்லை. எதிரில் படம்தான் இருந்தது.

"சாந்தா."

பதினைந்து நாளுக்குப் பிறகு என் பெயர். ஈரக்கையோடு போய் நின்றேன்.

"இந்தப் பொம்பள ஆரு?"

இரண்டு மாதமாக இந்தப் பெண்ணுக்கு விளக்கு வைத்து, குடம் வைத்து, காலை உள்ளே இழுத்து, முகத்தைத் திருப்பி எல்லாம் ஆயிற்று. ஆளைக் கேட்டது இன்றைக்குத்தான்.

"எதுக்குங்க?"

"முன்னால மூஞ்சி தெரிஞ்சப்ப ஒண்ணும் தோணல. இப்ப முதுகப் பாத்தா உன்னையாட்டவே இருக்குது."

கல்யாணமான நாளிலிருந்து இவர் சாப்பிட உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் அடுப்பும் அதன் முன்னால் நிற்கிற என் முதுகும் தெரியும். இவருக்குத் தெரிந்த முகம் அதுதான். மரம், கார், ஆள் என்று தாரிணி சொன்ன விவரத்தை நான் எடுத்துவிடவில்லை. வரைந்தவளுக்கு யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

"நாந்தானுங்க" என்றேன்.

எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி, அடுப்படி வாசலில் நிற்கிற என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"நீ எதுக்கு இத்தனை சின்னதா இருக்கற?"

"நான் சின்னது இல்லீங்க. ஊடு அத்தனை பெருசு."

அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். காபி ஆறிப்போயிற்று. சூடு பண்ணிக் கொண்டுவரச் சொல்லவில்லை.